பூரணம் என்று கூப்பிட்டால்

மார்ச் 20, புதன்

இந்த டைரியைப் பீடிச் சங்கத்துச் செல்லத்தாய் கொடுத்தாள். போன வருடத்து டைரி. கிழமை பொருந்தாது, அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். "பீடி சுத்துன காலத்துல நடந்ததெல்லாம் எழுதி வைங்கக்கா. எப்போ சேந்தீக, எப்போ லீவு, எப்போ நின்னீக. நாளைக்கு ஆபீஸ்ல வாயால சொன்னா எடுபடாது."

நான் அஞ்சாவது வரை படித்தவள். ஆறாவதுக்குப் போகவேண்டிய அன்று அம்மா என் மடியில் சுளகைத் தூக்கி வைத்து, பீடி இலையை அதில் கொட்டினாள். அது ஒரு திங்கட்கிழமை. என் எழுத்து கோணும். ஞாபகம் கோணாது. என் கல்யாணத்துக்கு மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போனவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

விஷயம் இதுதான். முப்பத்தைந்து வருடம் பீடி சுற்றினேன். மாதாமாதம் கூலியில் பி.எஃப். பிடித்தார்கள். ரெண்டு லட்சத்துச் சில்லறை சேர்ந்திருக்கிறது என்கிறாள் செல்லத்தாய். அதுபோக மாதம் ஆயிரத்துச் சொச்சம் பென்சன், சாகும்வரை. ஆனால் கம்பெனி பாஸ்புக்கில் ஆவுடையம்மாள் என்று இல்லை. பூரணம் என்று இருக்கிறது. பூரணம் என் வீட்டுக்காரரின் தங்கை.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அதே தை மாதம் அவள் கல்யாணமாகிப் போனாள். அவள் புக்கு அடுக்களை ஆணியில் தொங்கியது. பீடியைப் போட்டுக் கூலி வாங்கும் கடையில் புதுப் புக்கு கேட்டால் கிடைக்காது. புக்குப் போட்டால் கம்பெனியும் தன் பங்கைக் கட்டவேண்டுமே. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் இப்படித்தான். மாமியார் புக்கில் மருமகள் சுற்றுவாள், அக்காள் புக்கில் தங்கை சுற்றுவாள், செத்தவள் புக்கில் இருப்பவள் சுற்றுவாள். மாமியார் ஆணியிலிருந்து புக்கை எடுத்து என் கையில் வைத்து, "கடையில பூரணம்னு கூப்பிட்டா நீ போ" என்றாள்.

போனேன்.

பூரணம் வீட்டுக்காரர் இறந்தபின் திரும்பி வந்து இதே தெருவில், மூன்று வீடு தள்ளி, வாடகைக்கு இருக்கிறாள். ஐந்து வருடமாக. நானும் அவளும் பேசி இருபத்தாறு வருடம் ஆகிறது. இனியும் பேசுவதாக இல்லை.

மார்ச் 22, வெள்ளி

ஏன் பேசுவதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் கணக்கு நேராக நிற்கும்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜூன் மாதம் இருபத்தொன்பதாம் தேதி, திங்கள். இருமலில் ரத்தம் வந்து என்னை நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலு மாதம் கிடந்தேன். மகன் பரமசிவனை என் அம்மா கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். இவர் கேரளாவில் லோடு ஏற்றப் போயிருந்தார். மாமியார் டவுன்பஸ் கண்டக்டரிடம் வாரம் ஐம்பது ரூபாய் கொடுத்தனுப்புவாள். அந்த மட்டில் அவள் நல்லவள்.

பூரணம் ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரிக்கு அவள் நாத்தனார் வாரம் தவறாமல் ஆப்பிள் கொண்டுவருவாள். அவள் அறுத்துத் தின்னும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரி, "ஒன் நாத்தனா வாராவாரம் கடைக்கு வந்து ஒன் புக்குக்குக் கூலி வாங்கிட்டுப் போனாளே, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் படுக்கையில் விழுமுன் சுற்றிப் போட்ட பாக்கிக் கூலி இருந்தது. போனஸ் இருந்தது. எல்லாம் போச்சு என்று புரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் பூரணம் கைக்குழந்தையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். நடுத்தெருவில் மறித்து, "புக்குல பேரு இருக்குன்னு நோயாளி காசைத் தின்னவ நீதானளா?" என்று கேட்டேன். ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அதே பஸ் திரும்பி வரும்போது ஏறிப் போய்விட்டாள். பதில் இருந்தால் சொல்லியிருப்பாள்.

அன்று அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் வாயில் சேலை.

மார்ச் 24, ஞாயிறு

மருமகள் மாரிக்கனி ஆலங்குளத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் பி.எஃப். உண்டு. எல்லாம் செல்போனில் பார்க்கிறாள். மாசம் பிறந்தால் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று போன் சொல்லுமாம். அவள் பேர் அதில் தெளிவாக இருக்கிறது, அப்பன் பேர், பிறந்த தேதி உட்பட. நான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல பாதியை எடுத்து ஸ்கூட்டி வாங்கப் போறேன் அத்தை" என்றாள்.

"தொடாதே."

"என் காசுதானே?"

"ஒன் காசுதான். அறுவது வயசுல ஒரு கிழவி வருவா பாரு, அவ காசு அது. அவளக் கேக்காம எடுக்காதே."

"அந்தக் கிழவி யாரு அத்தை?"

"நீதான்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்த முழங்கால் மாத்திரைக்கு நான் பரமசிவன் சட்டைப்பையைப் பார்த்து நிற்கிறேன். அவன் கொடுப்பான். கொடுக்குமுன் ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சு எனக்கு வேண்டாம்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்கு வேனில் போய் வந்தோம். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. மாரிக்கனி பேச்சு சுவாரசியத்தில் கிண்டவில்லை.

மார்ச் 28, வியாழன்

ஓட்டுக் கேட்க வந்தார்கள். ஜீப்பு, மேளம், சால்வை. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பரமசிவனுக்கு நம்ம சாதி ஆள் நிற்கிறார், அது போதும். மாரிக்கனிக்கு ஏழு மணி பஸ் திரும்ப வரவேண்டும், அதைச் சொல்பவனுக்குப் போடுவாள். அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது.

நான் எண்பத்து நாலிலிருந்து போடுகிறேன். ஒன்றுகூட விட்டதில்லை. யார் எந்த வருடம் என்ன சொன்னான், எது வந்தது, எது வரவில்லை என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்றாறில் வீட்டுக்கொரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். எங்கள் குடம் ஒழுகியது. அந்தச் சின்னத்துக்கு இன்றுவரை போடவில்லை. பரமசிவன் கேட்கிறான், "ஒரு குடத்துக்காகவாம்மா?" குடத்துக்காக இல்லை. ஒழுகுது என்று சொல்லப் போனபோது, "ஓசிக் குடந்தானே" என்று ஒருவன் சொன்னான். அவன் இப்போது வேறு கட்சியில் இருக்கிறான். அந்தக் கட்சிக்கும் போடுவதில்லை.

இன்று வந்த வேட்பாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

"நீங்க ஒருக்க ஜெயிச்சா ஒங்களுக்குப் பென்சன் உண்டாமே?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து, "உண்டும்மா" என்றார்.

"நான் முப்பத்தஞ்சு வருசம் பீடி சுத்துனேன். ஆயிரத்துச் சொச்சம். அது ரேசன் அரிசி போக உப்பு புளிக்குக் காணாது. அத ஏத்துவேன்னு எழுதிக் குடுங்க, போடுதேன்."

"ஜெயிச்சு வந்ததும் மொத வேலை அதுதான்மா."

"எழுதிக் குடுங்க."

எழுதித் தரவில்லை. சால்வைக்காரன் அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். இவரையும் தேதியோடு இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது வாசித்துக் காட்டுவேன்.

ஏப்ரல் 1, திங்கள்

செல்லத்தாய் வந்தாள். பி.எஃப். கேட்கும் ஃபாரத்தில் பூரணம் கையெழுத்து வேண்டும், ஆதார் வேண்டும். பணம் அவள் பேங்குக் கணக்குக்குத்தான் போகும், அவள் எடுத்து எனக்குத் தரவேண்டும். ஊரெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. அது மட்டுமில்லை. கிளைக் கடையை மூடுகிறார்கள். ஃபாரத்தில் சீல் வைக்கும் கணக்கர் இந்த மாதக் கடைசி வரைதான் வருவார். அதற்குப்பின் மதுரைக்கும் சென்னைக்கும் அலையவேண்டும்.

"நீயே போய்க் கேளு" என்றேன்.

போனாள். காபி ஆறுமுன் திரும்பி வந்துவிட்டாள்.

"போட மாட்டேன்னு சொல்லலக்கா. அவ வந்து கேக்கட்டும்னு சொல்லுதாக."

"பாதி கேக்குதாளா?"

"பணத்தப் பத்தி ஒண்ணும் பேசல. வந்து கேக்கட்டும், அவ்வளவுதான்."

என் விரல் தேய்ந்த பணத்துக்கு நான் அவள் வாசலில் நிற்கவேண்டுமாம்.

ஏப்ரல் 3, புதன்

போகவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

செல்லத்தாய் தலைமைக் கம்பெனியில் சொல்லி, பூரணம் புக்கின் முழுக் கணக்கையும் காப்பி எடுத்துக் கொண்டுவந்தாள். எண்பத்தாறிலிருந்து இரண்டாயிரத்து இருபது வரை. வருடத்துக்கு ஒரு தாள், தாளுக்குப் பன்னிரண்டு வரி. மாதம், வேலை பார்த்த நாள், கூலி, பிடித்தம்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடி போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் மாரிக்கனி வந்து, "அத்தை, இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டபிறகுதான் நிமிர்ந்தேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஞாபகத்தில் என்னை அடிக்க இந்த ஊரில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். இந்தத் தாளுக்கு என்னைவிட ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூறு ஆகஸ்டு, நாலு நாள். பரமசிவன் பிறந்தான். தொண்ணூற்றிரண்டு நவம்பர், ஒன்பது நாள். வெள்ளம் வந்து புகையிலைத் தூள் எல்லாம் நனைந்துபோனது, நனைந்த தூளுக்குக் கடையில் கூலியைப் பிடித்தார்கள். இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி, ஆறு நாள். இவர் இறந்த மாதம். ஆறாம் நாள் சாயங்காலம் கட்டு கட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் ஆள் வந்து சொன்னது.

எண்பத்தேழு மார்ச். நாள் என்ற இடத்தில் ஒரு சைபர். கூலி சைபர். பிடித்தம் சைபர்.

பரமசிவனுக்கு முன்னால் ஒன்று. பேர் வைக்கவில்லை. அதை நான் யாரிடமும் பேசியதில்லை, இவரிடமும் பேசியதில்லை. முகம் தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்து அந்த மாதத்துக்கு நேரே மை தொட்டு ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறான். முப்பத்தேழு வருடமாக அது இருந்திருக்கிறது. அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

பிறகு தொண்ணூற்றெட்டுக்கு வந்தேன். ஜூலையிலிருந்து சைபர் இருக்கும் என்று தெரிந்து அந்தத் தாளை மெதுவாகத்தான் திருப்பினேன்.

ஜூலை, இருபத்துநாலு நாள். ஆகஸ்டு, இருபத்தைந்து. செப்டம்பர், இருபத்தைந்து. அக்டோபர், பதினாலு.

நான் படுக்கையில் கிடந்த மாதங்கள். என் மாதங்களில் இருபத்தைந்து என்பது அபூர்வம்.

கம்பெனிக்காரன் தப்பாக எழுதியிருப்பான்.

ஏப்ரல் 6, சனி

மாவு ஆட்டினேன். கம்பெனிக்காரன் மற்ற முப்பத்துநாலு வருடத்திலும் ஒரு நாள்கூடத் தப்பாக எழுதவில்லை. பார்த்துவிட்டேன்.

இரண்டு மாதம் பீடி வராவிட்டால் புக்கை ரத்து செய்துவிடுவார்கள். அந்தத் தீபாவளிக்கு நான் திரும்பி வந்தபோது புக்கு ஆணியில்தான் இருந்தது. எப்படி நின்றது என்று மாமியாரைக் கேட்டேன். "யாரு சுத்துனா என்ன, அடுப்பு எரிஞ்சுதுல்லா?" என்றாள். தானே சுற்றியதைப் பெருமையில்லாமல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். இனி கேட்க அவள் இல்லை.

அவளுக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான்தான்.

ஏப்ரல் 8, திங்கள்

மேலத்தெருவில் செக்கர் மைதீன் பிச்சை பாய் வீட்டுக்குப் போனேன். கடையில் நாங்கள் கொண்டுபோகும் பீடியைச் சோதித்து எடுத்தவர் அவர். எண்பது வயதாகிறது. வாசல் நாற்காலியில் இருந்தார். கண் மங்கல். என் செருப்புச் சத்தத்திலேயே, "யாரு, பூரணமா? வாம்மா" என்றார். அவருக்கு நான் என்றைக்கும் பூரணம்தான்.

"பாய், தொண்ணூத்தெட்டுல நான் நாலு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அப்போ என் புக்குல பீடி வந்துச்சா?"

"வந்துச்சே."

"யாரு சுத்துனது?"

"கொண்டாந்து போட்டது ஒன் மாமியா. கைய புடிச்சுக் கூட்டிட்டு வந்தது ஒரு புள்ள, இடுப்புல கைக்குழந்தை. சனிக்கிழமை கூலிய எண்ணி வாங்குறதும் அந்தப் புள்ளதான், கெழவிக்குக் கண்ணு தெரியாதே. வாங்கி அங்கேயே கெழவி மடியில கட்டிவிடும்."

அவரே தொடர்ந்தார்.

"மொத நாளு பீடிய கையில எடுத்ததுமே தெரிஞ்சு போச்சு. நூலு எதிர்ச்சுத்து. இடக்கைக்காரி சுத்துன பீடி. ஒன் சுத்து எனக்குத் தெரியாதா? கழிச்சுப் போட்டிருக்கணும். வேற ஆளு சுத்துனான்னு மேல எழுதியிருக்கணும்."

"ஏன் எழுதல?"

"என்னன்னு எழுத? புக்குல பேரு பூரணம். சுத்துனவ பேரும் பூரணம்." அவர் சிரித்தார், பல் இல்லாத சிரிப்பு. "முப்பத்தஞ்சு வருசத்துல அந்த நாலு மாசந்தாம்மா அந்தப் புக்கு நெசம் பேசிச்சு."

அவர் மருமகள் டீ கொண்டுவந்தாள். நல்ல டீ. இஞ்சி போட்டிருந்தாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மிளகாய் வற்றல் காயப்போட்டேன்.

மாமியார் அனுப்பிய ஐம்பது ரூபாய் பதினாறு தடவை வந்தது. மொத்தம் எண்ணூறு. அதில்தான் மருந்தும் பாலும் வாங்கினேன்.

ஏப்ரல் 11, வியாழன்

ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ரேஷன் கடை கிழக்கே இருக்கிறது. நான் மேற்கே நடந்து, பூரணம் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடக்கையால்தான் ஆய்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் நிற்கவில்லை. வெயில்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். மாரிக்கனியிடம் ஒரு தூக்குவாளியில் ஊற்றி, பூரணம் வீட்டில் கொடுத்துவிட்டு வா, நான் கொடுத்தேன் என்று சொல்லாதே என்றேன்.

"வேற யாரு குடுத்தான்னு சொல்ல அத்தை? இந்தத் தூக்குவாளிய அவுகளுக்குத் தெரியாதா?"

வாளி மாலையில் கழுவித் திரும்பி வந்தது. உள்ளே இரண்டு முருங்கைக்காய்.

ஏப்ரல் 17, புதன்

செல்லத்தாய் மறுபடி வந்தாள். இன்னும் பதிமூன்று நாள்தான் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். எனக்கு எண்ணத் தெரியாதா?

கேட்க வாய் வரவில்லை. பணம் மட்டும் கேட்பதென்றால் இந்நேரம் போயிருப்பேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டு.

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் நான்தான் முதல் ஆள். இன்றும் ஆறேமுக்காலுக்கே போய்விட்டேன். ஆனால் முழங்கால் வலி. அதனால் பின்னால் வந்தவர்களை, நீ போ, நீ போ என்று முன்னே விட்டுக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேரை விட்டிருப்பேன். ஏழேகாலுக்குப் பூரணம் வந்தாள். அவளையும் முன்னே விட்டேன். அதற்குமேல் வலி அவ்வளவாக இல்லை.

அவள் பின்கழுத்து முழுவதும் நரைத்துவிட்டது. மாமியாருக்கு இருந்த அதே இடத்தில் அவளுக்கும் மறு இருக்கிறது. அரை மணி நேரம் அந்த மறுவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டுப் போடுவதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. மேஜையில் இருக்கும் அதிகாரி நம் சீட்டை வாங்கி, நம் பேரைச் சத்தம் போட்டு வாசிப்பார். கட்சிக்காரர்கள் எல்லாம் தாளில் தேடிக் கோடு போடுவார்கள். முப்பத்தைந்து வருடம் கடையில் வாரா வாரம் நான் பூரணம். வீட்டில் நான் நாத்தனாருக்கு மயினி, மருமகளுக்கு அத்தை, பரமசிவன் அம்மா. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், நாலு பேர் கேட்க, ஆவுடையம்மாள் என்று முழுசாக வாசிப்பார். எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். அதற்காகவே குளித்து, நல்ல சேலை கட்டிப் போவேன்.

இன்று பூரணம் சீட்டை நீட்டினாள். அதிகாரி தலை நிமிராமல், கணீரென்று, "பூரணம்" என்றார்.

"இந்தா இருக்கேன்" என்று நான் ஓரடி முன்னால் வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது. கால் தானாக வந்துவிட்டது. அந்தப் பேர் சத்தமாகக் கேட்டால் எழுந்து போய்ப் பழகிய கால்.

கட்சி ஏஜெண்டு ஒருவன் எழுந்துவிட்டான். "சார், என்ன இது? ரெண்டு பேரு வாராங்க? கள்ள ஓட்டா?" அதிகாரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல பூரணம் யாரும்மா?"

நான் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தேன்.

பூரணம் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் சொன்னாள்:

"ரெண்டு பேருந்தான் சார். நான் பொறந்த பூரணம். இவுக என் மயினி, பீடிக்கடையில முப்பத்தஞ்சு வருசம் என் பேரைச் சொமந்தவுக. கூப்பிட்டதும் வந்துட்டாக. ஓட்டு என்னோடது. அவுக ஓட்டு அவுக பேருல இருக்கு, ஆவுடையம்மாள்னு. பாருங்க."

வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் சிரித்தார்கள். எல்லாரும் பீடிக்காரிகள். எல்லாருக்கும் யாரோ ஒருத்தியின் பேர் இருக்கிறது. அதிகாரிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அட்டையைப் பார்த்துச் சரி என்றுவிட்டார்.

அடுத்து என் பேரை வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த மயினி என்ற வார்த்தைதான் காதில் நின்றது.

மை வைத்தார்கள். இடக்கை ஆள்காட்டி விரல். பட்டனை அமுக்கினேன். கண்ணாடிக்குள் சின்னச் சீட்டு ஒன்று வந்து ஏழு எண்ணும்வரை நின்று விழுந்தது. யாருக்குப் போட்டேன் என்பதை டைரியிலும் எழுதமாட்டேன். குடத்துக்காரனுக்கு இல்லை.

வெளியே குழாயடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றாளா என்று கேட்கவில்லை.

"ஜூலை, இருபத்துநாலு நாளு" என்றேன். "ஆகஸ்டு இருபத்தஞ்சு. செப்டம்பர் இருபத்தஞ்சு. நீ ஏன் சொல்லல?"

"நீ கேக்கவா செஞ்சே? ஏசுனே." குழாயைத் திருகி முகம் கழுவினாள். "ஏசுனவகிட்ட நின்னு கணக்குச் சொல்லணுமா? எனக்கும் ரோசம் உண்டு மயினி."

"ஆஸ்பத்திரிக்கு ஒருநா வந்திருக்கலாம்லா?"

"காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு வருவேன். ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும், இல்லன்னா எங்க வீட்டுல கதவத் தொறக்க மாட்டாக. ஆயிரம் சுத்தி முடிக்கதுக்கே வெளிச்சம் காணாது. ஆஸ்பத்திரிக்கு வந்தா ஒரு நாளு போயிரும். ஒன்னப் பாக்கதா, ஒன் புக்கக் காப்பாத்ததா? அம்மைகிட்ட கேட்டேன். அம்மை சொல்லிச்சு, பாத்தா பசி தீராதுன்னு."

கைக்குழந்தை. தினமும் இரண்டு பஸ். நாலு மாதம். யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து, தனக்கு ஒரு காசு வராத பீடி. அதுவும் பொறுப்பாக, ஒரு கட்டுகூடக் கழியாமல். அவள் விரலைப் பார்த்தேன். மை வைத்த அந்த விரலால்தான் நூல் சுற்றியிருக்கிறாள். மலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சொல்ல நிறைய இருந்தது. "வெயில் ஏறுது, குடைக்குள்ள வா" என்றேன்.

வந்தாள். பாதி தெரு வந்தபிறகு, "கையெழுத்துப் போடணும்" என்றேன்.

"இதக் கேக்க இருவத்தாறு வருசமா?" என்றாள்.

"அந்த நாலு மாசத்துப் பணம் ஒனக்கு. வட்டி போட்டு எடுத்துக்கோ."

"பணம் கெடக்கு. பக்கத்துப் படுக்கைக்காரி தின்ன ஆப்பிளப் பத்தி ஊரெல்லாம் சொன்னியாமே? நாலு மாசத்துக்கு நாலு ஆப்பிள் வாங்கித் தா."

ஏப்ரல் 20, சனி

கடைத்தெருவில் ஆப்பிள் கிலோ இருநூற்றிருபது சொன்னான். பேசிப் பேசி இருநூறுக்குக் கொண்டுவந்தேன். நாலு போதும் என்றாலும் நாலை நிறுத்தால் ஒரு கிலோ வரவில்லை, ஆறு வாங்கினேன். பூரணம் வீட்டில் ஒன்றை அறுத்து, பாதியை என்னிடம் நீட்டினாள். மாவாக இருந்தது. இதற்காகவா அத்தனை நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன் என்று தோன்றியது.

வரும்போது அவள் பேங்குப் பாஸ்புக்கைக் கையில் கொடுத்தாள். "பென்சன் இதுலதானே வரும். நீயே வச்சுக்கோ. எடுக்கணும்னா கூப்பிடு, நான் வந்து கையெழுத்துப் போடுதேன்." முதல் பக்கத்தில் அவள் போட்டோ, பூரணம் என்று பேர்.

அடுக்களை ஆணியில் மாட்டினேன். அதே ஆணிதான். சுண்ணாம்பு அடித்து அடித்துக் கொஞ்சம் தடித்திருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் ஒருமுறை என்னைக் கேட்காமல் அவள் அடகு வைத்த என் வெண்கலப் பானை விஷயம் வேறு. அதை மறக்கவில்லை. அதையும் ஒருநாள் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு மற்றதைப் பேசவேண்டும்.

ஏப்ரல் 24, புதன்

திருநெல்வேலி பி.எஃப். ஆபீஸ். கடைக் கணக்கர் சீல் வைத்துக் கொடுத்த ஃபாரத்தோடு நான், பூரணம், செல்லத்தாய். பஸ்ஸில் பூரணம் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஆபீசில் நீள பெஞ்சு, மின்விசிறி, வரிசையாக எங்களைப்போல எத்தனையோ பேர். சுவரோரம் அலமாரி அலமாரியாகக் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் எத்தனை ஆட்களின் சைபர், எத்தனை ஆட்களின் இருபத்தைந்து என்று நினைத்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. பூரணம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒருவர் கூப்பிட்டார். "பூரணம். யாரும்மா பூரணம்?"

நான் அசையவில்லை. இந்த முறை காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூரணம் கண்ணைத் திறக்காமலே முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

"போ மயினி, ஒன்னத்தான் கூப்பிடுதாக. கையெழுத்துக்கு நான் வாரேன்."

போனேன்.